நீலம் படாத புல்

என் தம்பிக்கு வேலை களைக்கொல்லி அடிப்பது. முதுகில் டேங்க், கையில் குழாய், சாலையோரமெல்லாம் அவன் ராஜ்ஜியம். அடித்த இடம் தெரிவதற்காக மருந்தில் நீலச் சாயம் கலப்பார்கள். அதனால் முயலுக்குக் கீரை பறிக்க அவனை விட்டால் ஆளில்லை. நீலம் தெரிந்த பக்கம் திரும்பமாட்டான். பேர் தெரியாத செடியைத் தொடமாட்டான், நாய் நடமாடும் இடத்தில் குனியமாட்டான். "பொண்ணு பார்க்கப் போறவன்கூட இப்படி அலசமாட்டான்டா" என்று கிண்டல் செய்வேன்.

முயல் என் மகளுடையது. அவள் அப்பா ரெண்டு நாளில் வந்துவிடுவதாகப் பொய் சொல்லிவிட்டு எங்களை விட்டுப் போனதிலிருந்து, அவள் வாய்விட்டுப் பேசியது அந்த முயலிடமும் மாமாவிடமும்தான். எனக்குக் கிடைத்தது வெறும் 'ம்', 'இல்ல'. குடல்வால் ஆபரேஷனுக்குப் போகும்போதுகூட மாமாவின் சட்டையைத்தான் பிடித்துக்கொண்டாள்.

"முயலுக்கு நீயே கீரை போடணும் மாமா. அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது."

எனக்குச் சுருக்கென்றது. பெற்றவள் நான்.

ஆபரேஷன் அன்று தம்பி லீவு போட்டு ஆஸ்பத்திரியிலேயே கிடந்தான். மறுநாள் காலை வழக்கமாகப் பறிக்கும் சாலையோர மேட்டில் புல்லும் கீரையும் பறித்தான். நீலம் இல்லை. கழுவி, உதறி, முயலுக்குப் போட்டான். மாலையில் நானும் அவனும் மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தபோது முயல் வயிறு உப்பி, பல்லை நறநறவென்று கடித்தபடி மூலையில் ஒடுங்கியிருந்தது. வாரிக்கொண்டு கால்நடை டாக்டரிடம் ஓடினோம்.

"விஷம் பட்டதைத் தின்னிருக்கு. மனுஷன்னா வாந்தி எடுத்தாவது தப்பிச்சிருப்பான். முயலுக்கு வாந்தியே வராதும்மா" என்றார் டாக்டர். மேஜையிலேயே செத்தது.

தம்பி அங்கேயே மேஸ்திரிக்குப் போன் போட்டான்.

"அண்ணே, நேத்து அந்த மேட்டுல அடிச்சீங்களா?"

"அடிச்சோமே. சாயம் தீந்துபோச்சு, சும்மாவே அடிச்சிட்டோம். ஏன்?"

அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"கூண்டு திறந்திருந்துச்சு, ஓடிப்போச்சுன்னு சொல்லித் தொலை" என்றேன்.

"அவகிட்ட பொய் சொன்ன ஆள் ஒருத்தர் போதும்க்கா."

அவள் வீடு திரும்பியதும் உட்காரவைத்துச் சொன்னான், சாயம் தீர்ந்தது வரைக்கும். பாழாய்ப்போன நேர்மை. அவள் அழவில்லை, திட்டவில்லை, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். தம்பி அவளுக்குச் சாப்பாடு போட்டுத் தட்டை முன்னால் வைத்தான். அவள் தொடவில்லை. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு என் மகள் என்னிடம் முழுசாகப் பேசினாள்.

"அம்மா, முதல்ல நீ கொஞ்சம் சாப்பிட்டுக் காட்டு."

கரண்டியும் கையுமாக அவன் நிற்க, அவன் முன்னாலேயே எடுத்து வாயில் போட்டேன்.