மெழுகு உருகாத சுவர்

1.
சாப்பிட்டுக்கொண்டிருந்த அக்கா திடீரென்று அழுதாள். ஏன் என்றேன். "சுவருடா" என்றாள். இந்தக் கதை அங்கே பிறந்தது. பிறக்காமலே போயிருக்கலாம்.

முதல் தொடக்கம்: வெயில் ஒரு கிழட்டு மிருகத்தைப் போல அந்த ஊரின் மீது
[இதை அடித்து நீக்கிவிட்டேன். படித்த நாவல்களின் வாடை.]

2.
கட்டப்போகும் கட்டடம் எவ்வளவு சூடாகும் என்று கணினியில் ஓட்டிப் பார்த்துச் சொல்வது அக்காவின் வேலை. இம்முறை ஒரு முதியோர் இல்லம். மாடி அறைகளில் ஏசி கிடையாது. சுவருக்குள் மெழுகுப் பலகை வைப்பதாகத் திட்டம். பகல் சூட்டை வாங்கிக்கொண்டு மெழுகு உருகும், இரவில் இறுகும். உள்ளே இருப்பவர் தப்பிப்பார்.

சுவரில் சூடு நகர்வதைக் கணக்கிட இரண்டு வழிகள். ஒன்று, சுவரின் குணத்தை ஒரே தடவை கணித்துவைத்து, கடந்துபோன மணிநேரங்களின் சூட்டைக் கொண்டு இந்த மணிநேரத்தின் சூட்டைச் சொல்வது. சட்டென்று முடியும். ஆனால் சுவர் மாறவே மாறாது என்று நம்புகிறது. மற்றது, சுவரை ஏடு ஏடாகச் சீவி ஒவ்வொன்றையும் பின்தொடர்வது. நாள்கணக்கில் ஓடும். மெழுகு உருகுவது இதற்குத்தான் தெரியும்.

3.
"ஏம்மா, எப்பவும் ஓட்டுற மாதிரி ஓட்டிட்டுப் போயேன். சாயங்காலம் குடுத்தாகணும்" என்றார் மேலாளர்.

"அதுல மெழுகு உருகாது சார்."

"உருகலைன்னா நல்லதுதானே?" சிரித்தாராம்.

[இவரைக் கொடியவராக எழுதிப் பார்த்தேன். பழைய வில்லன்களை வைத்து இவரைக் கணிப்பது. இதுவும் அந்த அவசர வழிதான். அக்காவுக்குக் காய்ச்சல் கண்டபோது வண்டியில் கொண்டுவந்து விட்டவர் இவர்.]

அக்கா அந்த அவசர வழியிலேயே ஓட்டினாள். மெழுகு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஏறக்குறைய ஒரே சூடு என்று வந்தது. பயனில்லாத பலகை எதற்கு? திட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள்.

"நிஜத்துல உருகியிருக்குமாக்கா?"

"உருக விட்டாத்தானேடா."

4.
மாடி அறையில் ஒரு கிழவரை எழுதத் தொடங்கினேன். சட்டையைக் கழற்றிவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து, ஈரத்துண்டை நெஞ்சில்
[வேண்டாம்.]

மாற்று முடிவு: இரண்டாம் வழியின் விடை வருகிறது, எல்லோரும் தலையில் அடித்துக்கொண்டு மெழுகைத் திரும்ப வைக்கிறார்கள்.
[சுவருக்குப் பூச்சே முடிந்துவிட்டது.]

யாரும் கேட்காமலே அக்கா போன வாரம் தன் அறையில் தொடங்கிய அந்த இரண்டாம் வழி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. கணினி அனலாய்க் கொதிக்கிறது.

"நிறுத்திடவாக்கா?"

"ஓடட்டும்டா. அதுலயாவது உருகட்டும்."

5.
கிழவர் பெட்டியோடு மாடிப்படியில் நிற்கிறார். அவரை அறைக்குள் அனுப்பும் வாக்கியத்தை நான் எழுதமாட்டேன். மனம் வந்தால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.