பொறுப்பாளர் மாற்றம்

...இல்லை, இது வேறு பாண்டிராஜாகக்கூட இருக்கலாம், மதுரைக்குத் தெற்கே கல்லை விட்டெறிந்தால் ஏதாவது ஒரு பாண்டிராஜ் தலையில்தான் விழும், ஆனால் பெயருக்குப் பின்னால் எஸ் என்று இருக்கிறதே, எஸ் என்றால் சுப்பையா, மாமனார், அவர் படத்துக்குக் காலையில்தானே பூ வைத்தாள்... சங்கரேஸ்வரி மடிக்கணினியின் திரையைக் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தாள், சாய்த்தால் எழுத்து மாறிவிடுமா என்ன. மேலாளர் அனுப்பியிருந்த டிக்கெட்டில், அதாவது வேலைச்சீட்டில், அதிகம் எழுதியிருக்கவில்லை. கீழே உள்ள பணிகளுக்குப் பழைய பொறுப்பாளர் பாண்டிராஜ் எஸ், புதிய பொறுப்பாளர் சங்கரேஸ்வரி எம், மதியத்துக்குள் பதிவுகளை மாற்றி முடிக்கவும். காரணம் இல்லை. காரணம் எதற்கு, போன மாதம் சென்னையில் இருந்த மாஜிதாவுக்கும் இப்படித்தான் ஒரு டிக்கெட் வந்தது, மாற்றிக் கொடுத்தவள் இவளேதான், அன்று சாயங்காலமே மாஜிதாவின் கணக்கைப் பூட்டிவிட்டார்கள், போய்வருகிறேன் என்று குழுவில் ஒரு வரி போட அவளுக்கு வழியில்லாமல் போயிற்று. கம்பெனியின் மென்பொருள்கள் எல்லாம் எங்கேயோ வாடகைக்கு எடுத்த கணினிகளில் ஓடுகின்றன, மேகம் என்று அதற்குப் பெயர், அதோ குற்றாலத்து மலைமேல் உட்கார்ந்திருக்கும் மேகமாவது கண்ணுக்குத் தெரிகிறது. அங்கே ஓடும் ஒவ்வொரு பணிக்கும் ஒரு பதிவு, பணியின் பெயர், எதற்காக ஓடுகிறது, யார் பொறுப்பு. பொறுப்பாளரை மாற்றாமல் ஆளை வெளியே அனுப்பினால் பதிவு பூட்டிக்கொண்டு யாராலும் திறக்க முடியாமல் போகும். அதனால் முதலில் பெயர் போகும், பிறகு ஆள் போவான், இந்த ஒழுங்கைக் குழுவில் அறியாதவர் இல்லை.

அந்த ஹைதராபாத் மேலாளரைக் குற்றம் சொல்லி என்ன செய்ய. இந்த எஸ்ஸும் இந்த எம்மும் இலஞ்சியில் ஒரே கூரைக்குக் கீழே சோறு தின்கிறவர்கள் என்று அவர் கனவா கண்டார்? அவர் ஊரில் பெண்டாட்டி பெயரோடு புருஷனின் குடும்பப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்குமாம், பார்த்ததும் தெரிந்துவிடுமாம், இங்கே அவளுக்கு இன்னும் அப்பா மாடக்கண்ணுவின் எம்தான், கல்யாணமானால் இனிஷியலையா மாற்றுவார்கள். முன்பு இரண்டு பேரும் வேறு வேறு குழுவில் இருந்தார்கள், கொரோனாவில் ஊருக்கு வந்தவர்கள் அப்படியே வீட்டிலிருந்தே வேலை என்று தங்கிவிட்டார்கள், பிறகு குழுக்களை ஒன்றாக்கியபோது சொல்லிவிடலாமா என்று அவள்தான் கேட்டாள். சொல்லவேண்டாம் என்றான் பாண்டிராஜ். சொன்னா ரெண்டு பேர்ல ஒருத்தரத் தூக்கிருவான் ஏட்டி, அவன் கேக்கட்டும், அப்பம் பாத்துக்கிடுவோம். யாரும் கேட்கவில்லை. அவன் மாடியறையிலும் அவள் கூடத்திலுமாக ஒரே கூட்டத்தில் உட்கார்ந்து, சங்கரேஸ்வரி நீங்க சொல்லுங்க என்று அவனும், பாண்டிராஜ் அதை நான் பார்க்கிறேன் என்று அவளும், அடேயப்பா என்ன மரியாதை. ஒருநாள் குக்கர் விசில் இரண்டு மைக்கிலும் கேட்டுவிட்டது, யாரோ சிரித்தார்கள், அவன் கொஞ்சமும் அசரவில்லை, எங்க தென்காசிப் பக்கம் எல்லாரும் ஒரே நேரத்துலதான் சார் சோறு பொங்குவோம் என்றான். அன்று அவள் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சிரித்திருக்கக் கூடாதோ, அன்றைக்கே சொல்லித் தொலைத்திருக்கலாமோ, சொல்லியிருந்தால் இன்று அவன் பெயர் வந்திருக்காது, ஒருவேளை இவள் பெயர் வந்திருக்கும், புருஷன்தான் சம்பாதிக்கிறானே உனக்கெதற்கு என்று... யார் கண்டது.

மாஜிதாவின் பதிவுகளை மாற்ற எழுதிய நிரல் அப்படியே இருந்தது. மேகக் கணினியோடு பேசுவதற்கென்று ஒரு கருவித்தொகுப்பு உண்டு, எஸ்டிகே என்பார்கள், அதைக்கொண்டு நாலு வரி எழுதினால் போதும், ஒவ்வொரு பதிவாகக் கையால் திறந்து மாற்றவேண்டியதில்லை. அதை எழுதத் தெரிந்தவளும் ஓட்ட அனுமதி உள்ளவளும் குழுவில் இவள் ஒருத்தி. நீதான் நம்ம டீமுக்கு எமன் ஏட்டி என்று மாஜிதா போன அன்று பாண்டிராஜ் கேலி பண்ணினான், இவளும் சிரித்தாள், சிரித்துவிட்டுக் காபி போடப் போனாள், மாஜிதாவைப் பற்றி அதற்குமேல் யோசித்தாளா? யோசிக்கவில்லை. அடுத்த வீட்டில் எழவு விழுந்தால் நமக்குத் தலைமுழுக்குத் தேவையில்லை என்று இருந்தாயிற்று. இப்போது பழையவர் என்ற இடத்தில் மாஜிதாவை அழித்துவிட்டு விரல் நின்றது. அத்தை ஆவுடைத்தாய்க்கு, மருமகள் புருஷன் பேரைச் சொல்வது இன்றுவரை ஆகாது, ஒரு கூட்டத்தில் இவள் பாண்டிராஜ் என்று கூப்பிட்டது காதில் விழுந்து, ஆபீஸா இருந்தா என்னட்டி, கட்டினவன் ஆயுசு குறையாதா என்று மதியம் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். சொன்னால்தானே குறையும், தட்டச்சு செய்தால்? இந்த நினைப்புக்கு அவளுக்கே வெட்கமாக வந்தது, பொறியியல் படித்த பெண்ணுக்கு வரவேண்டிய நினைப்பா இது, ஆனாலும் ஒவ்வொரு எழுத்தாகத்தான் அடிக்க முடிந்தது.

அவனுக்குச் சொல்லிவிடலாம். சொல்லத்தான் வேண்டும், சொல்லாவிட்டால் நான் என்ன பெண்டாட்டி. சாரல் காலத்தில் இங்கே எல்லார் வீட்டிலும் விருந்தாள் இருக்கும், மதுரையிலிருந்து நாத்தனார் குடும்பம் வந்திருக்கிறது, எல்லாரையும் கூட்டிக்கொண்டு அவன் ஐந்தருவிக்குப் போயிருக்கிறான், அத்தையும் போயாயிற்று, மத்தியானம் லாகின் பண்ணிருவேன் என்று அரைநாள் விடுப்புச் சொல்லி... லாகின் பண்ணுவானாம். போனை எடுத்தாள். அருவி இரைச்சல்தான் முதலில் வந்தது, பிறகு அவன் குரல், ஏட்டி, கேக்கா? தண்ணி என்னமா விழுது தெரியுமா, அத்தான் பயந்து ஓரத்துலேயே நிக்காரு! அவள், ஏங்க, ஒரு விஷயம் என்றாள். என்ன சொல்லுத? சத்தமாச் சொல்லு, ஒண்ணும் கேக்க மாட்டேங்கு! பக்கத்தில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர் யாரையோ குனியச் சொல்லும் குரல், நாத்தனார் பிள்ளைகள் கத்துவது, அவன் சிரிப்பது. அவன் இப்படிச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று, இந்த நேரத்தில் இதை எப்படிக் கத்திச் சொல்வது, கத்தினால் அத்தைக்கும் கேட்குமே. ஒண்ணுமில்ல, பிள்ளைவளப் பாத்துக்கிடுங்க என்றாள். இதுக்காடி கூப்பிட்ட என்று வைத்துவிட்டான். முன்கூட்டிச் சொல்வது குற்றம், வேலையே போகும் என்று கம்பெனி எழுதி வாங்கியிருக்கிறது, அதுதான் வாயை அடைத்ததா, இல்லை அந்தச் சிரிப்பா? இரண்டும்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், அப்படிச் சொல்லிக்கொள்வது வசதியாக இருந்தது.

மாட்டேன் என்று எழுதிவிட்டால்? உடம்பு சரியில்லை, மின்சாரம் இல்லை, சாரலில் கம்பி அறுந்துவிட்டது, எத்தனை பொய் இல்லை இந்த ஊரில். அப்புறம்? ஹைதராபாத்தில் வேறு யாரையாவது வைத்துக் கையால் மாற்றுவார்கள், ஒருநாள் தள்ளும், அவ்வளவுதான், அந்த ஒருநாள் யாருக்கு லாபம்... அவள் எப்போதும் செய்வதுபோல முதலில் ஒரு பதிவை மட்டும் சோதித்துப் பார்த்தாள். இந்த எஸ்டிகேயில் ஒரு குணம், எதைக் குறிப்பிடவில்லையோ அதைத் தொடாது, எதை வெறுமையாகக் கொடுத்தாலும் அதை அழித்துவிடும், பழக்கமில்லாதவன் கை வைத்தால் விவரம் எல்லாம் துடைத்துப் போய்விடும். துடைத்துவிட்டால்தான் என்ன, வேண்டுமென்றே ஒரு தப்புச் செய்தால்தான் என்ன? செய்யவில்லை. அவன் எழுதிவைத்த விளக்கங்களில் ஒரு புள்ளிகூடக் கலையாதபடி பொறுப்பாளரை மட்டும் கொடுத்தாள். கடைசியில் ஒரு கேள்வி உண்டு, பொறுப்பாளர் மாறுவதைத் தெரிந்தே செய்கிறீர்களா என்று, ஆம் என்று இல்லாவிட்டால் மாற்றத்தை ஏற்காது. மாஜிதாவுக்குப் போட்ட ஆம் அங்கேயே இருந்தது, அதைத் திரும்ப அடிக்கவேண்டிய வேலைகூட இவளுக்கு வைக்கவில்லை. ஓடவிட்டாள். சரி, சரி, சரி என்று திரையில் வரிகள் இறங்கின, பிழை ஒன்றும் இல்லை, நிரல் நன்றாக எழுதப்பட்டிருந்தது. முடிந்தது என்று டிக்கெட்டில் எழுதினாள், உடனே மேலாளரிடமிருந்து கட்டைவிரல் படம் வந்தது. அடுப்பில் பால் பொங்கி வழிந்திருந்தது, துடைத்தாள்.

மேகம் கீழே இறங்கித் தென்னந்தோப்பு மங்கலாகிவிட்டிருந்தபோது அவன் கூப்பிட்டான், இந்தத் தடவை வண்டிக்குள்ளிருந்து. ஏட்டி, ஆபீஸ் மெயில் தொறக்க மாட்டேங்கு, பாஸ்வேர்டு தப்புங்குது, உனக்குப் போகுதா? போகுது என்றாள். பின்னால் பிள்ளைகள் துண்டுக்குச் சண்டை போட்டார்கள், கதவு திறந்து மூடியது, இறங்கித் தள்ளிப் போகிறான் போலும். பொறுப்பாளர மாத்தியாச்சோ? குரலைத் தாழ்த்திக் கேட்டான். ம். எல்லாத்துலயுமா? ம். யார் மாற்றினார்கள் என்று கேட்பான், இப்போது கேட்பான், என்ன சொல்வது, அவனுக்குத் தெரியாதா என்ன, தெரியாமலா கேட்காமல் இருக்கிறான். அவன் கேட்கவில்லை. உனக்கு ஒண்ணும் இல்லல்லா என்றான். இல்ல. நெசமாவா? நெசமாத்தான். அப்பம் சரி, அது போதும்ட்டி, அம்மாட்ட இப்ப ஒண்ணும் சொல்லிராத, பிள்ளைவ பசிக்குங்குது, பார்டர் கடைல சாப்பிட்டுட்டு வாரோம், உனக்கு புரோட்டா வாங்கட்டா? வாங்குங்க என்றாள், வேண்டாம் என்றால் அவன் மேலே கேட்பான்.

போனை வைத்த பிறகும் அவன் கேட்டதுதான் காதில் நின்றது, உனக்கு ஒண்ணும் இல்லல்லா, தன் வேலை போன இடத்தில் நின்று அவன் முதலில் கேட்டது அது. அவள் முதலில் செய்தது என்ன? காலையில் டிக்கெட்டைத் திறந்ததும் கண் எங்கே போயிற்று? பழையவர் என்ற இடத்துக்கு இல்லை, புதியவர் என்ற இடத்துக்கு, அங்கே தன் பெயர் இருப்பதைப் பார்த்து நெஞ்சுக்குள் ஒரு முடிச்சு அவிழ்ந்தது, நான் இல்லை, நான் இல்லை... அதன் பிறகுதான் மேல் வரியைப் படித்தாள். அவன் பெயரைப் படித்ததும் அந்த நிம்மதி செத்துப்போயிருக்கும் என்றுதான் இவ்வளவு நேரமும் நினைத்திருந்தாள். பாவம், வரட்டும், நல்லபடியாக வரட்டும், வந்ததும் என்ன பேசுவது, எப்படி முகத்தைப் பார்ப்பது என்று யோசித்துக்கொண்டே நெஞ்சைத் தொட்டுப் பார்த்தாள். அந்த நிம்மதி அங்கேயேதான் இருந்தது.