பாக்கெட்டில் கை

மூன்றாவது புத்தகத்துக்கும் ஆர்டிஸ் கண்ணை மூடிக்கொண்டாள். மார்னி அதையும் மூடி மற்ற இரண்டின்மேல் வைத்தாள். மினியாபொலிஸிலிருந்து கிளம்பும்போது அலமாரி முன்னால் வெகுநேரம் நின்று பொறுக்கியவை. ஒன்று மரணத்தைப் பற்றிய கவிதைகள், ஒன்று பரிசு வாங்கிய நாவல், ஒன்று யாரோ துறவி எழுதியது. சாகக் கிடக்கிற அம்மாவுக்கு வேறு எதைத்தான் படித்துக் காட்டுவது?

"எதுவுமே பிடிக்கலையாம்மா?"

ஆர்டிஸ் உதட்டைச் சுழித்தாள். எங்கள் ஊரில் அவளிடம் ஐந்தாம் வகுப்பு படித்த எல்லோருக்கும் அந்தச் சுழிப்பு தெரியும். ஓய்வு பெற்ற பிறகும் மளிகைக் கடையில் அவள் அப்படிச் சுழித்தால் வளர்ந்த ஆண்கள் தொப்பியைக் கழற்றுவார்கள். இப்போது கூடத்தில் சோபாவை ஒதுக்கிவிட்டுப் போட்ட ஆஸ்பத்திரிக் கட்டிலில், தலையணையில் பாதிகூட அழுந்தாமல் கிடந்தாள். இன்றோ நாளையோ என்று காலையில் வந்த நர்ஸ் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

"என் பெட்டியைக் கொண்டா" என்றாள்.

வாசல் நடையில் பெட்டிகள் அடுக்கியிருந்தன. வருஷா வருஷம் பள்ளிக்குக் கோடை விடுமுறை விடுவதற்கு முந்தைய நாள், ஊரெல்லாம் சேர்த்த புத்தகங்களை, பிள்ளைகள் பந்து விளையாடுகிற பள்ளி ஜிம்மில் மேஜை போட்டுக் கொட்டிவிடுவாள். பிள்ளைகள் வேண்டியதை அள்ளிக்கொண்டு போகலாம், திருப்பித் தர வேண்டாம். பெரியவர்களுக்குத்தான் சட்டம். சுவரோரம் நிற்க வேண்டும், இரண்டு கையும் பாக்கெட்டில் இருக்க வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது. பாக்கெட் இல்லாத கவுனில் வந்த அம்மாக்கள் புருஷனின் கோட்டை வாங்கி மாட்டிக்கொள்வார்கள். பாஸ்டர் ஒரு தடவை மகன் எடுத்த பேய்க்கதையைப் பார்த்துக் கையை நீட்டிவிட்டு, எல்லோர் முன்னாலும் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அம்மாவுக்கும் மகளுக்கும் இதில்தான் தகராறு. நகரத்து உயர்நிலைப் பள்ளியில் இலக்கியம் நடத்துகிற மார்னி, விடுமுறைக்கு மூன்று புத்தகங்களைக் கட்டாயமாக்கி, பள்ளி திறந்ததும் பரீட்சையும் வைப்பாள். லீவுலகூட அந்தப் பிள்ளைங்களை விட மாட்டியா என்று ஆர்டிஸ் போனில் கேட்டாள். விட்டால் குப்பையைத்தான் படிப்பார்கள் என்றாள் மகள். படிக்கட்டுமே என்றாள் அம்மா. அதற்குப் பிறகு வானிலையைப் பற்றி மட்டும்தான் பேசினார்கள்.

மார்னி பெட்டியைக் கட்டிலோரம் இழுத்து வைத்தாள். மேலே கிடந்த குப்பைகளை ஒதுக்கி, அடியில் ஏதாவது நல்லதாகத் தேடினாள்.

"கையை எடு. பாக்கெட்ல போடு."

போட்டுக்கொண்டு நின்றாள். ஆர்டிஸின் விரல்கள் பெட்டிக்குள் நடுங்கி நடுங்கித் துழாவின. எடுத்துக் கொடுக்க மார்னிக்குக் கை பரபரத்தது. கடைசியில் மெல்லிய ஒரு சிறுவர் புத்தகம் வெளியே வந்தது. அட்டையில் மஞ்சள் டாக்ஸியை ஒரு வாத்து ஓட்டிக்கொண்டிருந்தது.

"இதுவாம்மா?"

"இதுதான்."

அழுகையும் எரிச்சலுமாகத்தான் ஆரம்பித்தாள். ஆனால் வாத்துக்கென்று ஒரு குரல் வேண்டியிருந்தது, அது தானாகவே மூக்கால் வந்தது. டாக்ஸியில் ஒரு பசுமாடு ஏற வந்து, முன்பாதி உள்ளேயும் பின்பாதி வெளியேயுமாகக் கதவில் சிக்கிக்கொண்டது. ஆர்டிஸ் சிரித்தாள். சிரிப்பு இருமலானது. சமையலறையிலிருந்து அப்பா லைல் காபிக் கெண்டியோடு எட்டிப் பார்த்தார்.

"போதும். மீதி நாளைக்கு" என்றாள் ஆர்டிஸ். "ஓரத்தை மடிச்சு வை."

புத்தகத்தின் ஓரத்தை யாராவது மடித்தால் மார்னிக்கு ஆகாது. மடித்தாள்.

"வாத்து நல்லா வருது உனக்கு."

மகள் எம்.ஏ. வாங்கியபோதுகூட ஆர்டிஸ் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. மார்னி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள்.

சாயங்காலம், லைல் ஈரப்பஞ்சால் உதட்டை நனைத்துக்கொண்டிருக்கும்போதே ஆர்டிஸின் மூச்சு நின்றது. அவர் கொஞ்ச நேரம் நனைத்துக்கொண்டேயிருந்தார். மார்னிதான் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

அடக்கம் முடிந்து, சர்ச் கீழ்த்தளத்தில் பன்றித்தொடை வைத்த ரொட்டியும் உருளைக்கிழங்கும் இறைச்சியும் சேர்த்துச் சுட்ட ஹாட்டிஷும் சாப்பிடும்போது தலைமையாசிரியர் வந்தார். நாளைக்கு வைத்திருக்கும் புத்தக நாளைத் தள்ளிப் போடட்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"தள்ளி வெச்சா எழுந்து வந்து என்னைத்தான் திட்டுவா" என்றார் லைல்.

மறுநாள் காலையில் மார்னி அந்தப் புத்தகத்தைத் தேடினாள். கட்டிலை வாடகைக்குக் கொடுத்தவர்கள் எடுத்துப் போயிருந்தார்கள். பக்கத்து மேஜையில் மருந்துப் புட்டி நின்ற வட்டம் மட்டும் இருந்தது. கேட்டபோது லைல் ஷூவுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். பெட்டியிலிருந்து வந்ததுதானே என்று பெட்டியிலேயே போட்டு, விடியும்போதே டிரக்கில் கொண்டுபோய் ஜிம்மில் இறக்கிவிட்டாராம். அவர் மேல் கோபப்பட என்ன இருக்கிறது? அவள் கவுனில் பாக்கெட் இல்லை. அம்மாவின் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு அவரையும் இழுத்துக்கொண்டு ஓடினாள். பிள்ளைகள் வருவதற்குள் எடுத்துவிடலாம். அந்த மாடு ஏறியதா இல்லையா என்றுகூட அவளுக்குத் தெரியாது.

இரண்டு மேஜை தேடுவதற்குள் மணி அடித்துவிட்டது. கதவு திறந்து பிள்ளைகள் பாய்ந்து வந்தார்கள்.

"மார்னி, சுவருக்கு வந்துடும்மா" என்றார் லைல்.

வந்து நின்றாள். கையை ஸ்வெட்டர் பாக்கெட்டில் விட்டபோது, அம்மா மூக்கைத் துடைத்துக் கசக்கி வைத்த டிஷ்யூ ஒன்று விரலில் பட்டது. அதைப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் கண்ணில் பட்டது, கடைசி மேஜையில் மஞ்சள் டாக்ஸி. அதன் முன்னால், கண்ணாடிக்கு டேப் ஒட்டிய ஒரு சிறுமி. அவள் பாறைகளைப் பற்றிய புத்தகத்தை எடுத்தாள், வைத்தாள். டாக்ஸியை எடுத்தாள், வைத்தாள். மார்னிக்கு மூச்சு வந்தது. சிறுமி திரும்பவும் டாக்ஸியை எடுத்தாள். சுவரோரம் அவளுடைய அம்மா, இவ்வளவு பெரிய பெண்ணுக்கு வாத்துக் கதையா என்பதுபோல முகத்தைச் சுளித்தாள், ஆனால் வாயைத் திறக்கவில்லை.

லைலும் பார்த்துவிட்டார். இத்தனை வருஷத்தில், பிள்ளைகள் புத்தகம் எடுக்கும்போது சுவரோரம் நின்று அவர் வாயைத் திறந்ததே இல்லை.

"அதுவா?" என்றார் மெதுவாக.

"ஆமாம்ப்பா."

"நான் போய்க் கேக்கட்டுமா? குடுத்துடும் அந்தப் பொண்ணு."

கொடுத்துவிடுவாள். இறந்துபோன டீச்சரின் மகள் கேட்டால் யார்தான் மாட்டேன் என்பார்கள்? அந்தப் புத்தகம் மார்னிக்கு அவ்வளவு வேண்டியிருந்தது. வேறு எதுவுமே வேண்டியிருக்கவில்லை. அவள் அந்தச் சிறுமியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேணாம்ப்பா. அவ எடுத்துட்டா."

சிறுமி அங்கேயே தரையில் உட்கார்ந்து பக்கங்களைப் புரட்டினாள். ஓரம் மடிந்த பக்கம் வந்ததும் நின்றாள். மடிப்பை நிமிர்த்தி, கட்டைவிரலால் நன்றாக நீவிவிட்டாள். பிறகு முதல் பக்கத்துக்குப் போய், உதடு அசையப் படிக்க ஆரம்பித்தாள்.

மார்னியின் மூக்கு நுனியில் கண்ணீர் சொட்டியது. பாக்கெட்டுக்குள் டிஷ்யூ கையிலேயே இருந்தது. அவள் கையை வெளியே எடுக்கவில்லை.