விருப்பப் பட்டியல்

ருக்கு மூன்றாவது பிளாஸ்டிக் கவரையும் பிரித்தாள். உள்ளே நைனாவின் பட்டன் போன் ஈரம் படாமல் இருந்தது. காலையில் ஏரியிலிருந்து நண்டு வலையோடு திரும்பியவர், படகை விட்டு இறங்கி நாலு எட்டு நடந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்திருக்கிறார். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது. குளிப்பாட்டும்போது அரைஞாண் கயிற்றிலிருந்து அவிழ்த்த போனைப் பெரியப்பா சடையன் இப்போதுதான் அவளிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

இரண்டு தவறிய அழைப்புகள். இரண்டும் அவளுடையவை. ஏழரை மணிக்குப் புருஷன் ஊரான அனுப்பம்பட்டிலிருந்து கூப்பிட்டிருந்தாள், இன்றைக்குக் கடைசி நாள் என்று ஞாபகப்படுத்த. அதற்குக் கீழே ஒரு குறுஞ்செய்தி. என்ஜினீயரிங் கலந்தாய்வில் கல்லூரிகளை வரிசைப்படுத்திப் பதிவு செய்ய இன்று மாலை ஐந்து மணி வரைதான் நேரம்.

மணி ஒன்றரை ஆகியிருந்தது.

வாசலில் சாமியானா கட்டி முடித்திருந்தார்கள். கூடத்தில் நைனாவைக் கிடத்தி, தலைமாட்டில் விளக்கு வைத்திருந்தது. அம்மா லட்சுமி அவர் காலடியில் உட்கார்ந்திருந்தாள். தங்கை திரௌபதி தலைமாட்டில், விளக்கின் திரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வந்த செய்திதான் அது. விண்ணப்பத்தில் நைனாவின் நம்பரைக் கொடுத்திருந்தார்கள்.

ருக்கு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னாள். திரௌபதி தலையை ஆட்டினாள். தான் எங்கேயும் வரப்போவதில்லை என்றும், காலேஜே வேண்டாம் என்றும், இதை இப்போது பேசாதே என்றும் மெல்லிய குரலில் சொன்னாள். ருக்கு எழுந்து, டிவிக்கு மேல் ரேஷன் கார்டோடு வைத்திருந்த, நைனா எழுதிவந்த நீள நோட்டை எடுத்துக்கொண்டாள்.

ஒன்பது வருடத்துக்கு முன் இதே வீட்டுக்கு ருக்குவின் பெயருக்கு ஒரு கலந்தாய்வுக் கடிதம் வந்தது. குப்பத்தில் அந்த வருடம் ப்ளஸ் டூவில் கணக்குப் பாடம் எடுத்துத் தேறியவள் அவள் ஒருத்திதான். கடிதத்தில் ரேங்க் அறுபத்தோராயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு என்று இருந்தது. நைனா ஐந்தாவது வரை படித்தவர். அந்த எண்ணைக் கடற்கரையில் நாலு பேரிடம் காட்டினார். மார்க் என்றால் எண் பெரிதாக இருக்க வேண்டும், ரேங்க் என்றால் சிறிதாக இருக்க வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். "அறுபத்தோராயிரம் பேர் வாரிக்கினு போன பொறவு நமக்கு இன்னா மிச்சம் இருக்கும்" என்று நைனா கடிதத்தை மடித்து வைத்துவிட்டார். கலந்தாய்வு நாளன்று ருக்கு ஏரியில் இறங்கி அம்மாவோடு கையால் இறால் தடவிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

முன்னால் நிற்கிற அத்தனை பேரும் ஒரே இடத்துக்குப் போவதில்லை, எத்தனையோ பேர் டாக்டருக்கும் வேறு படிப்புக்கும் போய்விடுவார்கள், சீட்டு லட்சத்துக்கு மேல் கிடக்கிறது என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. அதே வருடம் பக்கத்து ஊர் மேரியின் மகன் எண்பத்தெட்டாயிரம் ரேங்கில் சேர்ந்தான். அது தெரியவந்தபோது ருக்கு இறால் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம் ஆகியிருந்தது. நைனா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அவளும் கேட்டதில்லை.

திரௌபதி பத்தாவது தேறியதும் நைனா மாறிப்போனார். பள்ளிக்கூடத்துக்கு அவரே போவார். கட்-ஆஃப் என்றால் என்ன என்று கணக்கு டீச்சரிடம் கேட்டுக்கொண்டு வந்தார். கணக்கு நூறு, பிசிக்ஸும் கெமிஸ்ட்ரியும் பாதிப் பாதியாகச் சேர்த்து நூறு, மொத்தம் இருநூறு. எழுதுவது முழுசாக, எடுத்துக்கொள்வது பாதியாக என்றால் அது என்ன நியாயம் என்று ஒரு வாரம் வீட்டில் வாதாடினார். அப்புறம் அவரே கூட்டிப் பார்க்கப் பழகினார். திரௌபதிக்கு நூற்று எண்பத்தொன்றரை வந்தது. ரேங்க் மூன்று விதமாக வரும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. பொதுவில் முப்பத்தோராயிரம், சாதிப் பிரிவில் பன்னிரண்டாயிரம், அரசுப் பள்ளி ஒதுக்கீட்டில் நானூற்றுப் பதினேழு. "இந்த மூணாவதுதான் நம்ம ஆளு" என்று ருக்குவுக்குப் போன் போட்டுச் சொன்னார்.

ருக்கு வாசலுக்கு வந்து பெரியப்பாவிடம் திரௌபதியின் கலந்தாய்வுப் பதிவுக்காகப் பழவேற்காடு வரைக்கும் போய்வர வேண்டும் என்றாள். பெரியப்பா துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். சூளூர்ப்பேட்டைச் சொந்தங்கள் வந்ததும் ஐந்து மணிக்கு எடுப்பதாக முடிவாகியிருந்தது.

"நீ பெரிய பொண்ணு. வாய்க்கரிசி போடுற நேரத்துல நீ இல்லன்னா ஊரு இன்னா பேசும்? படிப்பு எங்க போவுது, அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

"அடுத்த வருசம்னு ஒண்ணு இல்ல பெரீப்பா. எனக்குத் தெரியும்."

பெரியப்பா அவளைப் பார்த்தார். அப்புறம் சாமியானாவின் கயிற்றைப் பார்த்தார். உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. அழுது அழுது கட்டிப்போன குரல்.

"போவட்டும் உடுங்க. அவரு இருந்தா இந்நேரம் அங்கதான் குந்திகினு இருப்பாரு."

பெரியப்பா உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு தட்டில் அரிசி இருந்தது. ருக்குவிடம் நீட்டினார். அவள் மட்டும், வேறு யாரும் வரிசையில் நிற்காமல், நைனாவின் பக்கத்தில் குனிந்து மூன்று முறை அரிசியை வாயில் இட்டாள். மீசையில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு மணியை விரலால் எடுத்து உள்ளே வைத்தாள். திரௌபதி அப்போதுதான் அக்காவின் முகத்தைப் பார்த்தாள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் பாஸ்வேர்டு இருக்கிறது என்று சொன்னாள்.

ருக்குவின் புருஷன் ராஜேந்திரன் பைக்கை எடுத்தான். மேற்கே ஏரியின் மேல் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த கிருஷ்ணனின் பிரௌசிங் சென்டரில் கடைசி நாள் கூட்டம். இடம் கிடைக்க முக்கால் மணி நேரம் ஆனது. திரௌபதி பெயரைச் சொன்னதும் கிருஷ்ணனுக்குத் தெரிந்துவிட்டது.

"லைட்ஹவுஸ் குப்பம் தேசப்பன் வீடா? அவரு வரலியா?"

"வர முடியல" என்றாள் ருக்கு.

"ஒரு மாசமா தினம் வருவாரு. மொத நாளு சின்னப் பொண்ணு மார்க்கே சொல்லல. பழைய வருசத்து லிஸ்டு எடுன்னாரு. அறுபத்தோராயிரத்துச் சொச்சம், இந்த நம்பருக்கு எங்கெங்க கெடச்சிருக்கும் பாரு தம்பின்னாரு. எட்டு காலேஜ் வந்திச்சி. ஒண்ணு உடாம எழுதிக்கினாரு."

ருக்கு நோட்டைத் திறந்தாள். முதல் பக்கத்தில் எட்டுப் பெயர்கள் இருந்தன, தலைப்பு எதுவும் இல்லாமல், குண்டு குண்டு எழுத்தில். அவள் எட்டையும் ஒவ்வொன்றாகப் படித்தாள். பிறகு அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.

திரௌபதியின் பட்டியல் அங்கே தொடங்கியது. நாற்பத்து மூன்று வரி. ஒவ்வொன்றிலும் கல்லூரியின் எண், படிப்பு, போன வருடம் அந்த ஒதுக்கீட்டில் எந்த ரேங்கில் நின்றது, ஹாஸ்டல் உண்டா இல்லையா. முதல் வரியில் கிண்டி. வீட்டுக்குப் பக்கத்திலேயே உள்ள ஒரு கல்லூரியை நைனா முதலில் எழுதி, அடித்துவிட்டு, முப்பத்தெட்டாவதாகக் கொண்டுபோயிருந்தார்.

கிருஷ்ணன் எட்டிப் பார்த்தான். கிண்டி கிடைப்பது கஷ்டம், கிடைக்கிற மாதிரி உள்ளதை மேலே போட்டால் நிம்மதி என்றான்.

"கெடைக்காட்டி தானா அடுத்ததுக்கு எறங்கும்" என்றாள் ருக்கு. "கெடைக்கிறத மேல போட்டா மேல இருக்கறது போச்சி. இப்பிடியே இருக்கட்டும்."

எண்களை ஒவ்வொன்றாகத் தேடி ஏற்ற வேண்டியிருந்தது. பக்கம் திறக்க நேரம் பிடித்தது. இருபத்தொன்பதாவதில் இருந்தபோது வெளியே நின்ற ராஜேந்திரனுக்குப் போன் வந்தது. உள்ளே வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றான்.

"மழ கட்டிகினு வருதாம். இப்பவே எடுக்கறாங்களாம். இப்ப கெளம்புனா பாத்துரலாம்."

மணி நாலு பத்து. போய்விட்டு ஐந்துக்குள் திரும்ப முடியாது என்பது இருவருக்குமே தெரியும். ருக்குவின் கை மௌசின் மேலேயே இருந்தது.

"முப்பதாவது இன்னா நம்பரு, படி" என்றாள்.

ராஜேந்திரன் நோட்டை எடுத்துப் படித்தான். அவன் படிக்கப் படிக்க அவள் ஏற்றினாள். முப்பத்தாறாவதில் இருக்கும்போது தண்ணீருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வெடிச் சத்தம் கேட்டது. முதலில் ஒன்று, பிறகு சரமாக. பறைச் சத்தம் காற்றில் வந்து வந்து போனது. ராஜேந்திரன் நிறுத்தினான். அவள் திரும்பாமல் அடுத்த எண்ணைக் கேட்டாள். கிருஷ்ணன் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ராஜேந்திரனின் இடுப்பு வேட்டியிலும் வெறுங்காலிலும் கண்ணை நிறுத்தினான். பாடிக்கொண்டிருந்த ரேடியோவை அணைத்தான். வாசலில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தவர்களைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னான்.

நாற்பத்து மூன்றும் ஏறியபோது மணி நாலு நாற்பத்திரண்டு. ருக்கு ஒரு தடவை மேலிருந்து கீழே நோட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். ஒரு எண் மாறியிருந்தது, திருத்தினாள். பட்டியலைப் பூட்டும் பொத்தானை அழுத்தினாள். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அவள் மடியில் நைனாவின் போன் அதிர்ந்தது. ஓ.டி.பி., ஆறு எண்கள். ஒவ்வொன்றாக அடித்தாள். திரையில் பச்சை எழுத்து வந்தது.

கிருஷ்ணன் அச்செடுத்த தாளை இரண்டு கைகளாலும் நீட்டினான்.

மழை இன்னும் விழவில்லை. பாலம் தாண்டிக் குப்பத்துச் சாலையில் திரும்பியதும் ராஜேந்திரன் வேகத்தைக் குறைத்தான். தார் முழுக்க சாமந்தியும் கிள்ளிப்போட்ட ரோஜா இதழும் பொரியும் சிதறிக் கிடந்தன. வெடித் தாள்கள் ஓரத்தில் ஒதுங்கியிருந்தன. ருக்கு அவன் தோளைத் தொட்டாள். அவன் நிறுத்தி என்ஜினை அணைத்தான்.

தெருமுனையில் திரௌபதி நின்றிருந்தாள். தலைமுழுகிய ஈரத்தோடு, புடவை உடம்போடு ஒட்டியிருந்தது.

"பூட்டியாச்சி" என்றாள் ருக்கு.

திரௌபதி நடந்து வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் பூ கிடந்த இடத்தை விட்டு விலகி, சாலையோர மணலில் இறங்கி, வீட்டைப் பார்த்து நடந்தார்கள். பின்னால் ராஜேந்திரன் பைக்கை உருட்டிக்கொண்டு வந்தான்.