அரை மில்லி பிசகாத கோடு

மேஸ்திரிக்கு இசை தெரியாது. அதில் ஒரு குற்றமும் இல்லை. தெரிந்த மாதிரி தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் பாருங்கள், அதில்தான் வினை வந்து சேர்ந்தது.

டைல்ஸ் ஒட்டுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அவர் முடித்துக் கொடுத்த குளியலறைத் தரையில் கோலிக்குண்டை வைத்தால், தண்ணீர் போகிற ஓட்டையைத் தேடிக்கொண்டு அதுவே உருண்டு போகும். கூட வேலை செய்கிறவர்கள் யாராவது கண்ணால் பார்த்து, "சரியாத்தான் இருக்கு மேஸ்திரி" என்றால் போதும், அன்றைக்கு அவர்களுக்கு நல்ல பாட்டு விழும். "கண்ணை யாருடா நம்பச் சொன்னா? மட்டத்தை வச்சுப் பாரு" என்பார். ரசமட்டத்தின் குமிழி நடுவில் வந்து நிற்கும்வரை அவருக்குச் சோறு இறங்காது.

இந்தத் தொழில் அவருக்கு எல்லாம் கொடுத்தது, ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டது. கல் அறுக்கிற மெஷினுக்குப் பக்கத்திலேயே காலத்தை ஓட்டியதில் காது மந்தமாகிவிட்டது. காதை மூடும் கவசம் இல்லாமல் இல்லை. அதைக் கழுத்தில் மாலை மாதிரி போட்டுக்கொள்வாரே தவிர, காதில் மாட்டமாட்டார். பேச்சு கேட்கும். கீச்சென்ற சத்தம் எதுவும் கேட்காது. அடுப்பில் குக்கர் விசில் அடித்து அடித்து ஓய்ந்தாலும் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படிப்பார். "டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டுங்களேன்" என்று மனைவி சொன்னால், "எனக்கென்ன, நல்லாத்தான் கேக்குது" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி பதில் சொல்வார்.

இப்படிப்பட்டவருக்கு வயலின் வாசிக்கிற மகள். வீட்டில் அவள் பெயர் பொடிசு. அப்பாவின் தோள் உயரத்துக்கு வளர்ந்த பிறகும் பொடிசுதான். வயலின் சொல்லிக்கொடுக்கிற மிஸ் முதல் நாளே ஒரு நிபந்தனை போட்டிருந்தார்: வீட்டில் பிள்ளை பயிற்சி செய்யும்போது பெற்றவர்களில் ஒருவர் கூட உட்கார வேண்டும். அம்மாவுக்கு ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் சாயந்திர ஷிஃப்ட். ஆகவே அந்த நாற்காலி மேஸ்திரிக்கு வந்தது. சிமென்ட் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்காருவார். பொடிசு வாசிப்பாள். அவர் பொதுவாகத் தலையாட்டுவார். முடிந்ததும் அவள் வில்லைக் கீழே இறக்கிவிட்டு, "எப்படிப்பா இருந்துச்சு?" என்பாள். "சூப்பர்" என்பார். அவருக்குத் தெரிந்த ஒரே விமர்சனம் அதுதான்.

உண்மையில் அவர் காதில் விழுந்தது பாதிப் பாட்டுதான். மேலே ஏற ஏற அது எங்கேயோ போய்விடும். வில் மட்டும் ஆடிக்கொண்டிருக்கும். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. மகள் வாசிப்பது தனக்குக் கேட்கவில்லை என்று சொல்ல எந்த அப்பனுக்கு வாய் வரும்?

அந்த வருஷம் பொடிசுக்குப் பெரிய தேர்வு. நன்றாக வாசித்தால் மிஸ்ஸின் சீனியர் குழுவில் இடம். அந்தக் குழுவில் சேர்ந்து மேடையில் வாசிப்பதைத் தவிர பொடிசுக்கு வேறு ஆசையே கிடையாது. கை நீண்டுவிட்டதால் முக்கால் சைஸ் வயலினைத் தூக்கி அலமாரி மேலே வைத்துவிட்டு, சில மாதங்களுக்கு முன்புதான் முழு சைஸ் வாங்கியிருந்தார்கள். பழைய வயலினில் விரல் வைக்கிற கருப்புப் பலகையின் குறுக்கே, எந்த இடத்தில் எந்த விரல் என்று காட்ட, மிஸ் மெல்லிய வெள்ளை டேப் ஒட்டிக்கொடுத்திருந்தார். புதியதில் ஒட்டவில்லை. "இனிமே கோடெல்லாம் வேணாம், அவ காதே சொல்லும்" என்றுவிட்டார்.

தேர்வுக்கு முந்தைய கடைசி வகுப்பில் மிஸ் மேஸ்திரியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "இந்த வாரம் அவளை அவ போக்குல விடுங்க. நல்லா வாசிக்கிறா. நீங்க கூட உட்கார்ந்தா போதும், எதுவும் சொல்லிக்கொடுக்க வேணாம்."

சொல்லிக்கொடுக்க அவருக்கு என்ன தெரியும்? இருந்தாலும் சும்மா இருக்க முடியவில்லை. அன்று சாயந்திரம் பொடிசு ஒரு இடத்தில் நின்றாள். விரலை வைத்தாள், துளி மேலே நகர்த்தினாள், திரும்ப வாசித்தாள், முகத்தைச் சுளித்தாள், இன்னும் துளி நகர்த்தினாள். சரியான இடத்தைக் காதால் தேடிக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். மேஸ்திரி கண்ணுக்கு மட்டத்தைப் பார்க்காமல் டைல்ஸை இப்படியும் அப்படியும் தள்ளிப் பார்க்கிற கற்றுக்குட்டி மாதிரி இருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பழைய வயலினை இறக்கினார். ஸ்டீல் ஸ்கேலை எடுத்து, தந்தி தொடங்குகிற மேல் முனையிலிருந்து ஒவ்வொரு கோடும் எவ்வளவு தூரம் என்று அளந்தார். அதே அளவைப் புது வயலினில் வைத்தார். பளிச்சென்று தெரியக்கூடாது என்று, கண்ணாடி டேப்பைப் பிளேடால் நூல் மாதிரி சீவி, மூச்சை அடக்கிக்கொண்டு ஒட்டினார். அரை மில்லி பிசகவில்லை. முடித்துவிட்டு நிமிர்ந்தபோது பெரிய கூடத்துக்குத் தரை போட்ட திருப்தி.

"மிஸ் அவளைச் சும்மா விடச் சொன்னாங்கல்ல?" என்றாள் மனைவி.

"சும்மா விட்டு எந்த வேலை உருப்பட்டிருக்கு?"

பொடிசு வாசித்துப் பார்த்தாள். முதல் விரல், இரண்டாம் விரல் போனது. சுண்டுவிரல் வந்ததும் நிறுத்தினாள்.

"அப்பா, இதுல சுருதி கீழ இருக்கு."

"எது?"

"சுண்டுவிரல். இன்னும் மேல போகணும்."

"கோடு எங்க இருக்கோ அங்க வை."

"வச்சா சரியா கேக்கலைப்பா."

"காது இன்னைக்கு ஒண்ணு சொல்லும், நாளைக்கு ஒண்ணு சொல்லும். தேர்வு அன்னைக்குப் பயத்துல என்ன கேக்கும்? கோடு மாறாதும்மா. நான் அளந்து வச்சிருக்கேன்ல?"

அவள் ஒரு தடவை அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு விரலைக் கோட்டில் வைத்தாள். அந்த வாரம் முழுக்க அவர் நாற்காலியை இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, விரல் கோட்டை விட்டு நகர்ந்தால், "ம்" என்பார். விரல் திரும்பி வரும். சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளை. கொஞ்சம் அடங்காப்பிடாரியாக இருந்திருந்தால் தப்பித்திருப்பாள்.

தேர்வு ஒரு பழைய கட்டடத்தின் மாடியில். வராந்தாவில் நாற்காலிகள் போட்டு, கதவருகே 'அமைதி' என்று எழுதின அட்டையோடு ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். மிஸ் உள்ளேயே இருந்தார். தன் மாணவர்கள் ஒவ்வொருவருக்கும் பியானோ வாசிப்பது அவர்தான், வெளியே வர நேரமில்லை. அதனால் சுருதி சேர்க்கிற வேலையையும் மேஸ்திரியே பார்த்தார். அதற்கு போனில் ஒரு ஆப் இருக்கிறது. முள் நடுவில் வந்து நின்றால் சரி. ரசமட்டம் மாதிரிதான்.

"பயப்படாதே. கோட்டைப் பாரு, கோட்டை மட்டும் பாரு" என்றார் மகளிடம்.

"சார், மெதுவா. உள்ள தேர்வு நடக்குது" என்றார் அட்டைக்காரம்மாள்.

"மெதுவாத்தானேம்மா பேசறேன்" என்றார். அது படிக்கட்டில் ஏறிக்கொண்டிருந்தவர்களுக்கும் கேட்டது.

பொடிசு உள்ளே போனாள். கதவு மூடியது. மேஸ்திரி காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பியானோ கேட்டது. அதற்கு மேல் ஏதோ இழைந்தது. நிறுத்தாமல், திக்காமல் போய்க்கொண்டிருந்தது. அது போதும் அவருக்கு. வழக்கம்போலத் தலையாட்டினார். பக்கத்தில் புல்லாங்குழல் பெட்டியோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மா முதலில் நிமிர்ந்து கதவைப் பார்த்தாள். பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டு குனிந்தாள். அப்புறம் மேஸ்திரி தலையாட்டுவதைப் பார்த்துவிட்டுச் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். பொறாமை, என்று நினைத்தார் மேஸ்திரி. பாவம், கேட்காத காதை வைத்துக்கொண்டு அவரும்தான் என்ன செய்வார்.

கதவு திறந்தது. பொடிசு வந்தாள். பின்னாலேயே மிஸ்ஸும் வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. பொடிசு கையிலிருந்து வயலினை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். நகத்தால் ஒரு கோட்டைச் சுரண்டினார்.

"இதை யாரு ஒட்டினது?"

மேஸ்திரி வாயைத் திறப்பதற்குள் பொடிசு சொன்னாள்: "நான்தான் மிஸ்."

"எங்கிருந்து எடுத்த இந்த அளவை?"

"பழைய வயலின்லேர்ந்து."

மிஸ் கண்ணை மூடித் திறந்தார். "அது சின்னது. இதுல தந்தி நீளம். நீளம் கூடினா எல்லா இடமும் தள்ளிப் போகும்னு தெரியாதா? முதல் விரல்ல சுருதி கொஞ்சமா இறங்குது, அடுத்தது இன்னும் இறங்குது, சுண்டுவிரல் வர்றப்ப என்னால பியானோவை வாசிக்கவே முடியலை. உனக்குக் கேக்கலையா?"

"கேட்டுச்சு மிஸ்."

"கேட்டும் அப்படியே வாசிச்சியா?"

பொடிசு கையிலிருந்த வில்லை உருட்டினாள்.

"தன் காதை நம்பாதவளை சீனியர் குழுவுல நான் எப்படிம்மா சேத்துக்கறது? உன்கிட்ட இதை எதிர்பார்க்கலை" என்று வயலினைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அடுத்த பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மிஸ் உள்ளே போய்விட்டார்.

நான்தான் ஒட்டினேன் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அந்த நேரம் மேஸ்திரிக்கு இருந்தது. எதிர்ச் சுவரில் ஒரு டைல்ஸ் கோணலாக ஒட்டியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார், மேற்பார்வைக்கு வந்த ஆள் மாதிரி. சின்ன அறையில் எடுத்த அளவை வைத்துப் பெரிய அறையில் எவனாவது டைல்ஸ் அறுத்திருந்தால் அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பியிருப்பார். காது மடல் இரண்டும் சுட்டது.

கீழே வேனில் ஏறி, சிமென்ட் மூட்டைகளுக்கு முன்னால் இருவரும் உட்கார்ந்தார்கள். சாவியைப் போட்டார். திருப்பவில்லை.

"நீ ஏம்மா உன் பேரைச் சொன்னே?"

பொடிசு வயலின் பெட்டியின் கொக்கியைத் திறந்து திறந்து மூடினாள். "உங்களுக்குக் கேக்காதுன்னு மிஸ்ஸுக்குத் தெரிஞ்சுடும்ல."

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. "யாரு சொன்னா எனக்குக் கேக்காதுன்னு? அம்மாவா?"

"யாரும் சொல்லலை. முன்னாடி ஒரு நாள் வேணும்னே எல்லாத்தையும் தப்பா வாசிச்சுப் பார்த்தேன். நீங்க சூப்பர்னு சொன்னீங்க."

மேஸ்திரி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். அத்தனை சாயந்திரமும் தான் ஆட்டின தலையை நினைத்தால் உடம்பு கூசியது. சின்னப் பிள்ளை தன்னைக் கையும் களவுமாகப் பிடித்து, பிடித்ததை வெளியே சொல்லாமல், கூடவே வைத்துக் காப்பாற்றியிருக்கிறாள்.

"தெரிஞ்சுமா தினம் எப்படி இருந்துச்சுன்னு கேட்டே?"

"நீங்க சூப்பர்னு சொல்றது பிடிக்கும்" என்றாள்.

அவர் சாவியை உருவிக்கொண்டு இறங்கினார். "இங்கயே இரு" என்று சொல்லிவிட்டுப் படியேறினார். மிஸ்ஸைத் தனியாகக் கூப்பிட்டு, யார் காதிலும் விழாமல், ரெண்டே வார்த்தை. படியேறும்போது அதைத்தான் மனசுக்குள் சொல்லிப் பார்த்தார். நல்லவேளையாக மிஸ் அடுத்த தேர்வுக்கு முன்னால் தண்ணீர் குடிக்க வராந்தாவுக்கு வந்திருந்தார். மேஸ்திரி பக்கத்தில் போய்க் குனிந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"மிஸ், அந்தக் கோடு அவ ஒட்டலை. நான் ஒட்டினது. தப்பா இருக்குன்னு அவ சொன்னா. நான்தான் காதை நம்பாதேன்னு சொல்லி வாசிக்க வச்சேன். எனக்குக் காது சரியா கேக்காது மிஸ். அவ வாசிக்கறது முழுசா எனக்குக் கேட்டதே இல்லை."

மிஸ்ஸின் கையில் தம்ளர் அப்படியே நின்றது. மேஸ்திரி நிமிர்ந்தார். வராந்தாவில் அத்தனை பேரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புல்லாங்குழல்காரப் பிள்ளையின் அம்மா வாயில் கை வைத்திருந்தாள். தேர்வு அறையின் கதவு திறந்து, உள்ளேயிருந்து கண்ணாடி போட்ட தேர்வாளர் ஒருவர் எட்டிப் பார்த்தார். அட்டைக்காரம்மாள் அட்டையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

மேஸ்திரிக்கு அப்போதுதான் புரிந்தது. தரையைப் பிளந்துகொண்டு உள்ளே போய்விடலாம் போல இருந்தது. மிஸ் தணிந்த குரலில் ஏதோ சொன்னார். உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது.

படிக்கட்டில் பொடிசு வந்து நின்றுகொண்டிருந்தாள், பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு.

"வேன்லயே இருன்னு சொன்னேன்ல. எப்ப வந்தே?"

"நீங்க பேச ஆரம்பிச்சதும் ஏறி வந்தேன்."

"இங்க எல்லாருக்கும் கேட்டுடுச்சாம்மா?"

"கீழ வேன் வரைக்கும் கேட்டுச்சுப்பா" என்றாள் பொடிசு. பக்கத்தில் வந்து, மிஸ் சொன்னதை அப்பாவுக்குக் கேட்கிற மாதிரி, உரக்கத் திருப்பிச் சொன்னாள்: "இந்தத் தேர்வு போனது போனதுதானாம். அந்த டேப்பையெல்லாம் பிச்சுட்டு நாளைக்கு வகுப்புக்கு வரச் சொல்றாங்க."