அடிக்குழாய் வெந்நீர்

காலை ஆறரை மணிக்கு எல்லாரும் திடலில் கூடி, ஜப்பான் சக்கரவர்த்தி இருக்கும் கிழக்கே பார்த்துக் குனிய வேண்டும். பாய்லரில் நெருப்பு எரிந்துகொண்டிருந்தாலும் குனிய வேண்டும். எரியும் பாய்லரைத் தனியே விட்டுப் போகக்கூடாது என்று அர்ச்சுனன் முதல் வாரமே சொல்லிப் பார்த்தான்.

"அத நீயே போயி ஜப்பான்காரன்கிட்ட சொல்லு," என்றார் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி இராஜமாணிக்கம். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மலாயாவில் மம்பாவுக்கு அப்பால் இருந்த அந்தத் தோட்டத்தில் ரப்பர் ஆலை நின்று இரண்டு வருஷமாகிறது. இப்போது அதே ஆலையில் ஜப்பான் பட்டாளத்துக்குக் குளிக்கிற சவுக்காரம் காய்ச்சினார்கள். தொட்டிகளுக்கு நீராவி கொடுப்பது அர்ச்சுனனின் வேலை. பத்துப் பவுண்டு அழுத்தத்தைத் தாண்டாத சின்ன பாய்லர்தான். சின்னது என்று மற்றவர்கள் பயப்படுவதில்லை. அவன் பயந்தான்.

அந்த வேலையில் இருந்ததால்தான், சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடித்த மூன்று முறையும் அவன் பெயர் விடுபட்டது. அங்கே போனவர்கள் யாரும் திரும்பவில்லை. மனைவி போன மழைக்காலத்தில் காய்ச்சலில் இறந்துவிட்டாள். இரண்டு வயது மகள் வள்ளிநாயகி இருக்கிறாள். அவனும் போய்விட்டால் அவளுக்கு யாரும் இல்லை.

அன்று குனிந்துவிட்டு வந்ததும் பாய்லரின் நீர்மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயைப் பார்த்தான். வெறுமையாக இருந்தது. விளிம்புவரை நிறைந்திருந்தாலும் கண்ணாடி அப்படித்தான் தெரியும், கண்ணை நம்பக்கூடாது. அதன் கீழ்த்திருகைத் திறந்து வடித்து மூடினான். நிறைந்திருந்தால் தண்ணீர் துள்ளி ஏறும். ஏறவில்லை. பக்கத்துச் சோதனைக் குழாயைத் திறந்தான். தண்ணீர் வரவேண்டிய இடத்தில் ஆவி சீறியது.

குனிந்து அடியில் பார்த்தான். சேறு வடிக்கும் அடிக்குழாய் சரியாக மூடப்படாமல் ஒழுகிக்கொண்டிருந்தது. சூட்டுக்குப் பிடித்த சாக்குத்துணி கீழே கிடந்தது. ஈரத்தடம் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பக்கம் போயிற்று.

லயத்தில் பக்கத்து வீட்டு ராக்கம்மாவின் மகள் மங்கம்மாவுக்குப் பிள்ளை பிறந்து மூன்று நாள். பிள்ளை பெற்றவளுக்கு வெந்நீர் ஊற்றியாக வேண்டும். விறகு முழுக்க ஆலைக்குப் போகிறது. ஒரு வாளி, இரண்டு வாளி என்று பெண்கள் இங்கே வந்து பிடிப்பதை அவன் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்து வந்தான். இன்று எல்லாரும் குனிந்திருந்த நேரத்தில் ராக்கம்மா வந்திருக்கிறாள். அவசரத்தில் இறுக்கி மூடவில்லை.

அவன் மூடினான். கிராணி ஓடி வந்தார்.

"டேய், தொட்டியில கொதி அடங்குதாம். பன்னெண்டு மணிக்கு சிரம்பான்லேர்ந்து லோரி வருது."

"தண்ணி இல்லைங்கய்யா."

"இல்லாட்டி தண்ணியத் தொறந்து விடு. அதுக்கு எங்கிட்ட உத்தரவு வாங்கணுமா?"

"காஞ்ச இரும்புல பச்சத்தண்ணி பட்டா வெடிச்சிடும். நெருப்ப அமுக்கிட்டு ஆற விடணும்."

"எத்தன நேரம்?"

"சாயங்காலம் ஆவும்."

கிராணி குரலைத் தாழ்த்தினார். "நீ வேணும்னே நிறுத்திட்டேன்னு ஜப்பான்காரன் சொல்லுவான்டா. நாளைக்கு சயாம் லிஸ்ட்டு போவுது. ஒரு ஆளு கொறையுதுன்னு தேடிக்கிட்டிருக்கான். தண்ணி இப்பத்தான் கொறஞ்சிருக்கும், தொறந்து விடு!"

தண்ணீர்த் திருகு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கிராணி சொல்வதுபோல் இப்போதுதான் குறைந்திருக்கலாம். வெடிக்காமலும் போகலாம். லோரி சரக்கோடு போய்விடும். சாயங்காலம் வள்ளிக்கு அவனே கஞ்சி ஊற்றலாம்.

பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் பதினோரு பெண்கள் தொட்டி கிண்டிக்கொண்டிருந்தார்கள்.

"இந்தச் சவுக்காரத்துல குளிச்சான்னா ஜப்பான்காரனும் நம்ம கலருக்கு வந்துடுவான்லா!" என்றாள் ஒருத்தி. சிரித்தார்கள்.

அர்ச்சுனன் மண்வெட்டியை எடுத்தான். "அவங்கள வெளிய போகச் சொல்லுங்க. நீங்களும் போங்க."

கிராணி போனார். நெருப்பை இழுத்து வெளியே தள்ளினால் ஒரு கணம் சூடு கூடும். அதனால் ஈரச்சாம்பலையும் மண்ணையும் அள்ளி நெருப்பின் மேல் போட்டு மூடினான். காற்றுக் கதவை அடைத்தான். ஆவித் திருகையும் பாதுகாப்பு வால்வையும் தொடவில்லை. பிறகு அவனும் வெளியே வந்து நின்றான். அழுத்தமானியின் முள் மெல்ல இறங்குவது வாசலிலிருந்தே தெரிந்தது.

ஜப்பான் அதிகாரி வந்ததும் முதலில் அறைந்தான். அதன் பிறகே, "சியாப்பா?" என்று மலாயில் கேட்டான். விரல் தரையில் இருந்த ஈரத்தடத்தைக் காட்டியது.

"தண்ணிய யாரு தொறந்து விட்டான்னு கேக்குறான்," என்றார் கிராணி.

"நான்தான். சேறு வடிக்கத் தொறந்தேன். சரியா மூடல."

"வேற மாதிரி சொல்லுடா."

"இதையே சொல்லுங்கய்யா."

கிராணி சொன்னார். அதிகாரி இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போனான். கிராணி அதை அவனுக்குச் சொல்லவில்லை. சட்டைப்பையிலிருந்து சயாம் பட்டியலை எடுத்து, சுவரில் வைத்து எழுதினார்.

வெயில் ஏறியபின் ராக்கம்மா வந்தாள்.

"நாந்தான்னு போயி சொல்லிடறேன் தம்பி."

"சொன்னா ரெண்டு பேரு போவோம். சும்மா இருங்கக்கா."

"அப்ப வள்ளிப் புள்ளைய..."

"உப்பு போட்டா கஞ்சி குடிக்க மாட்டா," என்றான் அர்ச்சுனன். "எடது காது வலிக்குதுன்னு அழுவா. துணியச் சுட வெச்சு ஒத்துனா போதும்."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் உள்ளே போய்ப் பாய்லரின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். இன்னும் சுட்டது. திரும்பி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"உங்கள அம்மான்னு கூப்பிட்டா கூப்பிடட்டும்," என்றான்.