மூன்றுக்கு இரண்டு

நறுவிலிக்குளத்துக்குக் கலியாணம் முடித்து வந்த பிறகுதான் வேணுஜா உதைபந்தாட்டம் பார்க்கப் பழகினாள். கணவன் நிதர்சனின் தம்பி அகிலன் ஊர் அணியான இளந்தளிரில் முன்னுக்கு நின்று விளையாடினான். முதலில் அவனுக்காகப் போனாள். பிறகு அவன் காய்ச்சலில் படுத்திருந்த நாட்களிலும் போனாள். எந்தப் பந்தைக் கொடுக்க வேண்டும், எதை வைத்திருக்க வேண்டும் என்று வெளியில் நின்று கத்துகிற அளவுக்குப் பைத்தியம் முற்றிவிட்டது.

மன்னார் பஸாரில் அவள் வேலை செய்த புடவைக்கடையில் இதே பைத்தியம் பிடித்த இன்னொருத்தியும் இருந்தாள். தாராபுரத்து நிஸ்லா. அவளுடைய தம்பி ஜுனைட் அவர்களது ஊர் அணியின் கோல் காப்பாளன். திங்கட்கிழமைகளில் இரண்டு பேரும் துணி மடித்தபடியே முதல்நாள் ஆட்டத்தை மறுபடி விளையாடுவார்கள். முதலாளி அதட்டினால் குரல் தாழும், பேச்சு நிற்காது.

இரண்டு அணிகளும் அரையிறுதியில் சந்தித்தன.

இடைவேளையில் தாராபுரம் இரண்டு கோல் முன்னால் நின்றது. அதில் ஒரு பிழையும் சொல்ல முடியாது. அவர்களுடைய பொடியன்கள் பந்தைக் காலோடு காலாகக் கொண்டுவந்தார்கள். இளந்தளிருக்கு நடுவில் ஆளே இல்லை. பின்னுக்கு நின்றவர்கள் பந்தைக் கண்டபடி தூக்கி அடிக்க, முன்னுக்கு அகிலன் ஒருவனே நாலு பேருக்கு நடுவில் துள்ளிக்கொண்டிருந்தான். துள்ளிப் பிடித்த ஓரிரண்டு பந்துகளையும் ஜுனைட் வெகு சாதாரணமாக வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

இரண்டாம் பாதியில் வேணுஜா ஊர்ப் பெண்களோடு தாராபுரத்தின் கோலுக்குப் பின்னால் போய் நின்றாள். இளந்தளிருக்கு ஒரு கோர்னர் கிடைத்தது. பந்து உயர்ந்து வந்தது. ஜுனைட் இரண்டு கையையும் நீட்டி எழும்பினான். அகிலனும் எழும்பினான். அவனுடைய முழங்கை முதலில் எழும்பியதை வேணுஜா பார்த்தாள். அது ஜுனைட்டின் கழுத்தடியில் இறங்கியது. பந்து யாரோ ஒருவனின் தொடையில் பட்டு உள்ளே போனது. மத்தியஸ்தர் நடுக்கோட்டைக் காட்டினார். கோல்.

வேணுஜாவும் கத்தினாள். அவளுடைய இரண்டு கையும் தலைக்கு மேலே இருந்தன. ஜுனைட் எழும்பவில்லை என்பது அதற்குப் பிறகுதான் அவளுக்குப் பிடிபட்டது. அபாயாவைக் கையில் தூக்கிப் பிடித்தபடி நிஸ்லா மைதானத்துக்குள் ஓடி வந்துகொண்டிருந்தாள்.

ஜுனைட்டை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்கள். தாராபுரத்தில் அன்றைக்கு வேறு கோல் காப்பாளன் இல்லை. உயரமான பின்வரிசைக்காரன் ஒருவன் ஜுனைட்டின் கையுறையை மாட்டிக்கொண்டு நின்றான். இரண்டாவது கோல் அவனுடைய கைக்குள் விழுந்து வழுக்கிப் போனது. மூன்றாவது, அகிலன் தூரத்திலிருந்து சும்மா தட்டிவிட்ட பந்து, அவனுடைய காலுக்கிடையால் உருண்டு போனது. விசில் ஊதியதும் பெண்கள் வேணுஜாவின் கையைப் பிடித்து இழுத்து ஆடினார்கள். அவளும் இரண்டு சுற்று ஆடினாள்.

வீடு திரும்பும்போது உழவு இயந்திரத்தின் இழுவைப் பெட்டிக்குள் ஒரே பாட்டும் கைதட்டலும். வேணுஜா ஆட்டத்தை முதலிலிருந்து யோசித்துப் பார்த்தாள். இளந்தளிர் எப்போது திருந்தி விளையாடியது என்று தேடினாள். முழங்கைக்கு முன்னும் தூக்கி அடித்தார்கள், பின்னும் தூக்கி அடித்தார்கள். மாறியது எதிரில் நின்ற கோல் காப்பாளன் மட்டும்தான். மூன்றுக்கு இரண்டு என்று சந்தி சந்தியாகக் கூவிக்கொண்டு போனபோது அவள் சேர்ந்து கூவவில்லை.

அன்றைக்கு வீட்டு முற்றம் நிறைய ஆட்கள். மாமி இராசம்மா இரண்டு சேவலை அடித்துக் கறி வைத்திருந்தாள். எல்லாரும் அகிலனைக் கதிரையில் இருத்திச் சுற்றி நின்றார்கள். இரண்டு கோல் வாங்கியும் சோராமல் நின்று அடித்த அணி என்று ஆளுக்காள் சொல்லிக்கொண்டார்கள்.

"ஜுனைட் நிண்டிருந்தா ஒண்டும் போயிருக்காது," என்றாள் வேணுஜா, சோற்றுச் சட்டியை இறக்கி வைத்தபடி.

எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"எங்கட பொடியன் மூண்டாவது கோல் அடிச்சிட்டு வந்திருக்கிறான்," என்றான் நிதர்சன். "உமக்கு அவையின்ர கீப்பரைப் பற்றியே கவலை?"

"நாங்கள் நல்லா விளையாடி வெண்டனாங்கள் எண்டு சொல்லுங்கோ பாப்பம்."

"வெண்டது வெண்டதுதான். இதில நல்லா என்ன, கூடாம என்ன?"

"இந்த நேரத்தில உனக்கேன் உந்தக் கதை, பிள்ளை?" என்று மாமி அவளை உள்ளே கூப்பிட்டாள்.

அகிலன் கோப்பையில் போட்ட கறியைப் பாதியில் விட்டுவிட்டுக் கைகழுவ எழும்பினான். அவன் அவளுடைய முகத்தைப் பார்க்காமல் போனதை வேணுஜா கவனித்தாள். முழங்கையைப் பற்றி ஏன் வாய் திறக்கவில்லை என்று அவள் பிறகு தன்னையே கேட்டுக்கொண்டாள். அத்தனை பேர் முன்னால் அவனைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை. அவள் கையால் சாப்பிட்டு வளர்ந்தவன் என்றுகூடச் சொல்லலாம்.

திங்கட்கிழமை நிஸ்லா கடைக்கு வரவில்லை. வேணுஜா இரண்டு முறை தொலைபேசியில் அழைத்தாள், பதில் இல்லை. செவ்வாய்க்கிழமை நிஸ்லா வந்தாள். வந்ததும் சாரி அடுக்குகளை இறக்கித் தூசு தட்டத் தொடங்கினாள்.

"ஜுனைட்டுக்கு எப்பிடி?"

"காறை எலும்பு உடைஞ்சு போச்சு. மூணு மாசத்துக்குக் கடலுக்குப் போகேலாதாம். வாப்பா தனியப் போறார்."

திருநாளுக்கு உடுப்பு எடுக்க ஒரு குடும்பம் வந்து அரைநாள் இருந்தது. அவர்கள் போன பிறகு, விரித்த துணிகளை மடிக்கும்போது, நிஸ்லா குனிந்தபடியே கேட்டாள்.

"நீங்க கோலுக்குப் பின்னாலதானே நிண்டீங்க?"

இவ்வளவு காலமும் நீ, வா, போ என்று பேசியவள். அந்த 'நீங்க' வேணுஜாவைச் சுட்டது.

"ஓம்."

"அகிலன் பந்துக்குப் போனதா, ஆளுக்குப் போனதா?"

சரியாகத் தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். அது வாய்வரை வந்தது.

"ஆளுக்கு," என்றாள் வேணுஜா.

நிஸ்லா மடித்த துணியை மறுபடி உதறி மடித்தாள். "உங்கட வீட்டில இதைச் சொன்னீங்களா?"

"அரைவாசிதான் சொன்னன்."

"அரைவாசி," என்றாள் நிஸ்லா. அடுத்த துணியை எடுத்தாள்.

அன்று பின்னேரம் அகிலன் பட்டியடியில் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தான். வேணுஜா பக்கத்தில் போய் நின்றாள்.

"ஜுனைட்டின்ர காறை எலும்பு உடைஞ்சிட்டுது. ஒருக்காப் போய்ப் பார்த்திட்டு வாரும்."

"போனா நான் வேணுமெண்டு செய்தனான் எண்டு ஆகிடும், அண்ணி. பிறகு பைனலுக்கு என்னை விடமாட்டினம்."

"வேணுமெண்டு செய்யேல்லையோ?"

அவன் கையிலிருந்த வைக்கோலைக் கீழே போட்டான். "முழங்கை தூக்கினது உண்மை. அவன் எல்லாப் பந்தையும் பிடிச்சுக்கொண்டே இருந்தான். எனக்கு விசர் வந்திட்டுது. ஆனா உடையுமெண்டு நினைக்கேல்லை, சத்தியமா." பிறகு தலையைத் தூக்காமல் கேட்டான்: "அண்ணைக்குச் சொல்லிப்போட்டீங்களோ?"

"இல்லை. நிஸ்லாவுக்குச் சொல்லிட்டன்."

அவன் அவளை ஒரு அந்நியப் பெண்ணைப் போலப் பார்த்தான். அதற்குப் பிறகு பல நாள் அவளோடு பேசவில்லை. காரணம் கேட்டு அறிந்த நிதர்சனும் பேச்சைக் குறைத்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை வேணுஜா தனியாகத் தாராபுரம் போனாள். கையில் ஒரு பை தோடம்பழம். நிஸ்லாவின் உம்மா ஸுஹறா வாசலிலேயே நின்று பழத்தை வாங்கினாள். "இருங்க" என்று சொல்ல அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஜுனைட் தோளைச் சுற்றிக் கட்டுப் போட்டபடி கட்டிலில் சாய்ந்திருந்தான்.

"அக்கா, உங்கட டீமுக்கு நடுவில ஒருத்தனும் இல்லை," என்றான், அவள் உட்கார முதலே. "பைனல்ல பேசாலைக்காரரோட இப்பிடி விளையாடினா மூணு நாலு வாங்குவீங்க."

"அது எனக்கும் தெரியும்."

அவன் சிரிக்கப் போய் வலியில் முகத்தைச் சுளித்தான். உம்மா ஓடி வந்து தலையணையைச் சரிபண்ணினாள். அவள் வேணுஜாவின் பக்கம் திரும்பவே இல்லை.

"அகிலனை வரச் சொல்லுங்க," என்றான் ஜுனைட், உம்மா உள்ளே போன பிறகு. "நான் ஏசமாட்டன். என்ன நினைச்சு அடிச்சவர் எண்டு கேக்கோணும், அவ்வளவுதான்."

வேணுஜா அதை வீட்டில் வந்து சொன்னாள். அகிலன் கேட்டுவிட்டுப் பட்டியடிக்குப் போனான்.

இறுதியாட்டத்தில் பேசாலை மூன்று கோல் அடித்தது. இளந்தளிர் ஒன்றும் அடிக்கவில்லை. ஊர்க்காரர் மத்தியஸ்தரை ஏசினார்கள், மைதானத்து மணலை ஏசினார்கள். கோர்னர் வந்தபோதெல்லாம் அகிலன் எழும்பாமல் நின்றான், நிதர்சன் வெளியிலிருந்து "துள்ளடா, துள்ளு!" என்று தொண்டை கிழியக் கத்தினான். தோற்றால் மனம் லேசாகும் என்று வேணுஜா நினைத்திருந்தாள். அப்படி ஆகவில்லை. மூன்றாவது கோல் விழுந்தபோது அவளுக்கு அழுகை வந்தது. அது எதற்காக வந்தது என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஆட்டம் முடிந்ததும் அகிலன் ஒருவரோடும் பேசாமல் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். வீட்டுக்கு வர வெகுநேரமானது.

மறுநாள் கடை திறந்து கொஞ்ச நேரத்தில் நிஸ்லாதான் பேச்சை எடுத்தாள்.

"நேத்து அகிலன் வந்தவர்."

வேணுஜாவின் கையில் அளவுகோல் நின்றது. "எங்க, உங்கட வீட்டையோ?"

"வாசல்ல நிண்டார். விளையாடின உடுப்போடயே. ஜுனைட்டைப் பாக்கோணும் எண்டார். உம்மா உள்ளுக்கு எடுக்கேல்லை. அவன் நித்திரை எண்டு சொல்லி அனுப்பிட்டா."

"நித்திரையோ?"

"இல்லை. முழிச்சுத்தான் இருந்தவன். உம்மா போகச் சொன்னது அவனுக்கும் கேட்டிச்சு."

"நீ?"

"நானும் உள்ளுக்குத்தான் இருந்தன்." நிஸ்லா கண்ணாடிப் பெட்டியின் விளிம்பைத் துடைத்தாள். "எழும்பி வந்து உம்மாவை மறிச்சிருக்கலாம். மறிக்கேல்லை."

"திரும்ப வரச் சொல்லட்டா?"

வெளியில் பஸ் ஒன்று நின்று ஆட்களை இறக்கியது.

"எனக்குத் தெரியாது," என்றாள். "உம்மாட்ட கேட்டுத்தான் சொல்லோணும். இண்டைக்குக் கேக்கேலாது."

பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு பெண் மகளைக் கூட்டிக்கொண்டு கடைக்குள் வந்தாள். பள்ளிக்கூட வெள்ளைத் துணி வேண்டும் என்றாள். நிஸ்லா துணிச் சுருளை இறக்கினாள். வேணுஜா அதன் மற்ற நுனியைப் பிடித்துக்கொண்டாள்.